கோட்டைச் சாலையில் ரைட்டு மாமா

என் தாய்மாமா இருபத்தேழு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தார். ஒரே தடம்தான். ஆற்றங்கரை ஊரில் கிளம்பி, பள்ளத்தாக்கு வழியாக, மலைக்கோட்டையின் அடிவாரம் வரை. அத்தனை வருடமும் அந்தச் சாலையை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. நடத்துநர் பயணிகளைப் பார்த்து நிற்கிறவர். சாலை அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓடியது.

"கல்பாலத்துக்கு முன்னால எல்லாரும் இடப்பக்கம் சாய்வாங்க. பழைய சுங்க வளைவுகிட்ட எல்லார் தலையும் ஒரு தடவ ஆமான்னு ஆடும். எனக்கு ரோடு தெரியாது கண்ணு, ஜனம் சாயறதுதான் தெரியும்" என்பார்.

ஆற்றின் மறுகரையில் நெடுஞ்சாலை வந்ததும் பேருந்து அங்கே மாறிவிட்டது. பழைய சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்துபோனது. ஓய்வு பெற்ற மறுமாதம் மாமா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அந்தச் சாலையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, அந்த ஆத்துக்குச் சத்தம் இருக்கு!"

"நீ கத்துன கத்துல அது இத்தன வருசம் வாய மூடிட்டு ஓடியிருக்கும்" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் அவருக்கு ரைட்டு மாமா என்று பெயர். சாப்பிட்டு எழுந்தால் "ரைட்டு." தொலைபேசியை வைத்தால் "ரைட்டு." ஒருமுறை மருத்துவர் ஊசி போட்டு முடித்ததும் இவர் "போலாம் ரைட்" என்று சொல்ல, அந்த மனிதர் ஊசியோடு அடுத்த அறைக்கே போய்விட்டாராம். இதை மாமாவே சொல்லிச் சிரிப்பார். பாதிக்குமேல் பொய்யாக இருக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். புவியியல். சுற்றுலா அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கூட்டமில்லாத சாலைகளைத் தேடிப் பிடித்து, சைக்கிளில் வருகிறவர்களுக்கான தடங்களாக வரைபடத்தில் வரைய வேண்டும். நான் முதலில் வரைந்தது மாமாவின் சாலையைத்தான். "கள ஆய்வின்படி, வாகனப் போக்குவரத்து மிகக் குறைவு" என்று அறிக்கையில் எழுதினேன். அந்தக் கள ஆய்வு எங்கள் சமையலறையில் நடந்தது. மாமா தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். 'மாமா சொன்னார்' என்பதைக் 'கள ஆய்வு' என்று மாற்றி எழுதத்தான் மூன்று வருடம் படித்தேனா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

ஒரு தடத்துக்கு வழிகாட்டிப் பலகை வைக்க வேண்டுமென்றால் சோதனை ஓட்டம் நடக்கும். அதில் மிக மெதுவாக ஓட்டுகிறவரும் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுகரையில் வேறு தடம் பார்ப்பார்கள், பழைய சாலை கைவிடப்படும். கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்பதும் விதி. வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல். நான் மாமாவைச் சொன்னேன். 'உள்ளூர் உதவியாளர்' என்று எழுதினேன். என் மாமா என்று எழுதவில்லை.

"ஆபீஸ்ல சொந்தம் கொண்டாடினா நல்லா இருக்காது மாமா."

"ரைட்டு மேடம்" என்றார். அந்த 'மேடம்' ஒட்டிக்கொண்டது.

காலை எட்டு மணிக்கு ஏழு பேர் ஆற்றங்கரையில் நின்றோம். எங்கள் மேலதிகாரி ஐம்பது வயது அம்மா ஒருவர். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். "நான்தான் கடைசி. இப்பவே சொல்லிட்டேன்" என்றார். மாமா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். "போலாம் ரைட்!" எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் பாறைச் சரிவு, எதிரே ஒரு பால் வண்டி மட்டும். திடீரென்று பின்னால் ஒரே ஒரு விசில். எல்லோரும் பதறி நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. மாமா ஒரு தையல் கடை வாசலில் காலூன்றி நின்றார். பழைய பேருந்து நிறுத்தம் அது.

"என்னய்யா ரைட்டு, பஸ்ஸ வித்துட்டு சைக்கிள் வாங்கிட்டியா?" என்றார் தையல்காரம்மா.

"பஸ்ஸுக்கு வயசாயிருச்சு தாயி. எனக்குத்தான் இன்னும் ஆகல."

"முன்னால நிக்கிறது யாரு? உங்க அக்கா பொண்ணு ஜாடையா இருக்கே?"

"சத்தம் போடாத. அவங்க மேடம்."

என் காதில் விழுந்தது. வரைபடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த நிறுத்தத்திலும் விசில். அதற்கடுத்த கல்பாலத்திலும். ஐந்தாவது முறை நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவரிடம் போனேன்.

"ஒவ்வொரு இடத்துலயும் எதுக்கு நிக்கிறீங்க? நேரம் போகுதுல்ல?"

"ஏற ஆள் இருக்கான்னு பாக்காம எப்படி மேடம் போறது?"

"சைக்கிள்ல யார் ஏறப்போறாங்க?"

"அது நின்னு பாத்தாத்தானே தெரியும்."

பக்கத்தில் மேலதிகாரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். இருபத்தேழு வருடப் பழக்கத்தை ஒரு வரைபடம் என்ன செய்ய முடியும்?

மலையடிவாரத்தை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பேருந்து திரும்பிய பழைய மைதானமும் கூரையில்லாத நிழற்குடையும் அங்கே இருந்தன. அதற்கு மேல் கோட்டை வாசல்வரை மூன்று கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். அதையும் என் தடத்தில் சேர்த்திருந்தேன். மேலதிகாரி கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இது போதும்மா. நீங்க ஏறுங்க."

அவர் ஏறாவிட்டால் சோதனை தோல்வி. அதை அவரிடம் நான் எப்படிச் சொல்வது? மாமா மலையை அண்ணாந்து பார்த்தார். இந்த இடத்துக்கு மேல் அவர் போனதே இல்லை. பேருந்து ஒவ்வொரு நாளும் இங்கேயே திரும்பிவிடும். இதற்கு மேல் அவருக்கு ஒரு நிறுத்தமும் கிடையாது.

"என்னம்மா இங்கயே இறங்கிட்டீங்க? டிக்கெட் கோட்டை வரைக்கும்ல இருக்கு" என்றார்.

"நடுவுல ஒரு நிறுத்தமும் இல்லையேய்யா. ஒரே மூச்சுல என்னால முடியாது."

"யார் சொன்னா இல்லன்னு?" மாமா மேலே கை காட்டினார். "அதோ ஒத்த மரம். ஒத்த மரம் போறவங்கல்லாம் ஏறுங்க!"

மேலதிகாரி மரத்தைப் பார்த்தார். இருநூறு அடி இருக்கும். சிரித்துக்கொண்டே எழுந்தார். என்னிடம், "நீ முன்னால போய் வாசல்ல நில்லும்மா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வளைவுகளின் மேலிருந்து துண்டு துண்டாகக் கேட்டேன். ஒத்த மரம். வழுக்குப்பாறை. இடிஞ்ச காவல் கோபுரம். ஒவ்வொன்றிலும் ஒரு விசில், கொஞ்சம் மூச்சு, இரண்டு விசில். கடைசி நிறுத்தமாக மாமா ஓர் ஆட்டு மந்தையைக் காட்டியிருக்கிறார். இவர்கள் கிட்டே போகப் போக மந்தை மேலே நகர்ந்திருக்கிறது.

"அம்மா, நிறுத்தம் ஓடுது! விடாதீங்க!"

"யோவ், சிரிக்க வைக்காத, விழுந்துருவேன்!"

கோட்டை வாசலில் அந்த அம்மா வந்து சேர்ந்தபோது முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது.

"பன்னெண்டு இருபத்திரண்டு. நாலு மணி நேரம் தாண்டிருச்சேம்மா. நல்ல ரோடு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே."

மாமா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அப்படியே சட்டைப்பையில் கைவிட்டு, நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார். கோடு போட்டு, நிறுத்தத்தின் பெயர், வந்த நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது.

"ஓடுற நேரம் வேற, நிக்கிற நேரம் வேறம்மா. நிக்கிறதக் கழிச்சுப் பாக்காம எந்த டிரைவர் மேலயும் லேட்டுன்னு எழுத மாட்டோம். நின்னது முப்பத்துநாலு நிமிசம்."

மேலதிகாரி என்னிடம் திரும்பினார். "விதியில என்னம்மா போட்டிருக்கு?"

பையிலிருந்து நகலை எடுத்தேன். நூறு முறை படித்ததுதான். 'ஓட்டும் நேரம் நான்கு மணி நேரத்துக்கு மிகாமல்' என்று இருந்தது. நான் கடிகாரத்தைத்தான் படித்திருந்தேன்.

"அப்போ மூணு மணி நாப்பத்தெட்டு நிமிசம்" என்று கணக்குப் போட்ட அந்த அம்மா தாளை உற்றுப் பார்த்தார். "இது என்னய்யா, 'ஆடு'ங்கிற நிறுத்தத்துக்கு வந்த நேரம் மூணு தடவ எழுதி அடிச்சிருக்கு?"

"அது நகந்துச்சும்மா."

தாளின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அதை என்னிடம் நீட்டி, "மேடம், தடப் பொறுப்பாளர் ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார், ரொம்பப் பணிவாக.

"பேனா குடுங்க மாமா" என்றேன்.

மாமாவின் கை அப்படியே நின்றது. மேலதிகாரியைத் திருட்டு முழியோடு பார்த்தார்.

"அட, போடச் சொல்லுய்யா" என்றார் அந்த அம்மா. "தையல்காரம்மா கேட்டப்ப நான் உன் பக்கத்துலதானே மூச்சு வாங்கிட்டு நின்னேன்? ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே அச்சு."

இப்போது அந்தச் சாலையில் பலகைகள் நிற்கின்றன. ஒத்த மரம், வழுக்குப்பாறை இரண்டும் வரைபடத்தில் ஏறிவிட்டன. ஆட்டை எங்கே குறிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கடைசி ஆளுக்குப் பின்னால் போகிறார். யார் ஏறப்போகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறார்.

அன்று நான் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாமா அங்கே இல்லை. கோட்டைச் சுவரின் விளிம்பில், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். கீழே மொத்தப் பள்ளத்தாக்கும் கிடந்தது. ஆறு, கல்பாலம், சுங்க வளைவு, எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு வரும் சாலை. கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

"கண்ணு" என்றார், "இவ்வளவு தூரமா நான் பாக்காமலே வந்துட்டிருந்தேன்?"