பெரிய மருமகளின் காது வலி

போன ஞாயிற்றுக்கிழமை, தொண்டாமுத்தூர் தோட்டத்துக் கிணற்றின் படியில் நின்றுகொண்டு, புகுந்த வீட்டார் மொத்தப் பேருக்கும் முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாகக் காப்பாற்றி வந்த பொய்யை அன்றைக்கு உடைத்தேன். சொல்லி முடித்ததும் எனக்கு என்ன ஆனது தெரியுமா? பசித்தது. அப்படி ஒரு பசி!

முதலில் அந்தப் பொய்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமனார் என்னைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி. "அம்மணிக்கு நீச்சல் தெரியுமுங்களா? நம்மூடு கெணத்து மேட்டுலதான் இருக்குது."

நான் காரமடையில், கடைவீதிக்குப் பின்னால் வளர்ந்தவள். பக்கெட்டைத் தாண்டி எனக்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மீனாட்டம் நீந்துமுங்க!"

நான் பலகாரத் தட்டோடு நின்றேன். 'இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... எங்கே! எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் 'இல்லை' என்பதுதான் மரியாதைக் குறைவு. பொய் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு மே மாதமும் குடும்பம் அந்தத் தோட்டத்தில் கூடும். அகலமான கிணறு, இறங்கப் படிகள் உண்டு. மலையடிவாரம் என்பதால் கோடையிலும் தண்ணீர் நிற்கும். எல்லோரும் தொபீர் தொபீரென்று குதிப்பார்கள். மேலே நானும் மாமியாரும்தான். ஒரு வருஷம் எனக்குக் காது வலி. ஒரு வருஷம் சளி. ஒரு வருஷம் "காலையிலதான் தலைக்குக் குளிச்சேன்". நடுவில் பல வருஷங்கள், ஆண்கள் மறுகேள்வி கேட்காத அந்தக் காரணம் — ஐம்பதை நெருங்கியதும் அதுவும் கைவிட்டுவிட்டது. மறுபடியும் காது வலிக்கே திரும்பினேன்.

என் கணவர் வேறு, வருஷா வருஷம் பஞ்சர் கடையில் காற்றடித்து ஒரு லாரி டியூபைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஆளாகியாயிற்று, யாருக்கு இந்த டியூப்? கேட்டால், "கெடக்குது, உடு" என்பார்.

இந்த மார்ச்சில் மாமியார் போன் செய்தார்.

"அம்மணி, நம்ம சின்னவன் மருமக நிவேதா மே மாசம் மொதத் தடவையாத் தோட்டத்துக்கு வருது. நீச்சல் தெரியாதாமா. பொண்ணு பாக்கப் போனப்பவே 'தெரியாதுங்க'ன்னு பட்டுனு சொல்லிப்போட்டுது. நீதான் கையப் புடிச்சு எறக்கோணும். பெரிய மருமக இருக்கறப்ப வேற யாரு? காது வலின்னு சொல்லீராத. இப்பவே டாக்டர்கிட்டக் காட்டிக்க."

புது மருமகளைப் பெரிய மருமகள்தான் கிணற்றில் இறக்கிவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். என் கொழுந்தனார் மனைவி நீச்சலோடு வந்தவள் என்பதால் இத்தனை வருஷம் நான் தப்பித்தேன். இப்போது ஒரு சின்னப் பெண் என்னை நம்பி ஆழத்தில் காலை வைக்கப் போகிறாள். அவள் மூழ்கினால்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்தை வெல்வது எப்படி என்று இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் மூன்று தடவை எழுதியவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே ஒரு நீச்சல் குளத்தில், பெண்கள் பேட்ச்சில் சேர்ந்தேன். வீட்டில் 'வாக்கிங்' என்று சொல்லிவிட்டேன். கோச் பெயர் ஷாகிதா, உக்கடத்துப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும், குரல் மட்டும் குளத்தின் அந்தக் கரை வரை கேட்கும்.

"ஏனுங்க மேடம், தண்ணிகூட எதுக்குங்க சண்டை? சும்மா மல்லாந்து படுங்க."

"படுத்தா முங்கிருவனே!"

"முங்குங்க. நாலடித் தண்ணிதானுங்க. எந்திரிச்சு நின்னுக்குங்க."

முங்கினேன். எழுந்தேன். மூக்கு வழியாக அரைக் குளத்தைக் குடித்தேன். பத்தொன்பதாவது நாள், காது இரண்டும் தண்ணீருக்குள் போனது, உடம்பு மேலேயே நின்றது. ஷாகிதா விசில் அடித்தாள். எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஈரத் தலையோடு 'வாக்கிங்' முடித்து வருபவளைக் கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

ஏப்ரல் கடைசியில் குளத்தைக் கடந்துவிட்டேன் — அகலவாக்கில்தான். அந்தத் தெம்பில் ஷாகிதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நீங்க மிதப்பீங்க. இன்னொருத்தரத் தாங்க மாட்டீங்க. அவிய பயந்து புடிச்சா ரெண்டு பேரும் உள்ள போயிருவீங்க. உள்ளதச் சொல்லிப்போடுங்க மேடம்."

சொன்னேனா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்கவில்லை. படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றோம். நிவேதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க இருக்கறதால எனக்குப் பயமே இல்லீங்க அத்தை."

அவ்வளவுதான்.

"எனக்கு நீச்சல் தெரியாது!" என்று கத்திவிட்டேன். கிணறு வேறு அதை இன்னொரு தடவை சொன்னது. "ரெண்டு மாசமாத்தான் கத்துக்கறேன். நான் மட்டும் மிதப்பேன். உன்னைத் தாங்க மாட்டேன் கண்ணு!"

மேலே இருந்து முதலில் வந்தது மாமியார் குரல்தான்.

"அட கெரகமே! அப்ப காது நல்லாத்தான் இருக்குதா?"

குபீரென்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நொடி, பொத்தென்று லாரி டியூப் எங்கள் முன்னால் வந்து விழுந்தது. பின்னாலேயே கணவர் இறங்கி வந்தார்.

"இப்பவாச்சும் சொன்னயே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே. படியில நிக்கறப்ப உன்ற முட்டி ரெண்டும் அந்த ஆட்டம் ஆடுச்சு. என்னைக்காச்சும் வழுக்கி உழுந்துட்டீன்னா... அதான் டியூபு."

முப்பது மே மாதங்களும் அது எனக்காகத்தான் வந்திருக்கிறது. நான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

கணவர் பிடித்துக்கொள்ள, நிவேதா டியூபுக்குள் உட்கார்ந்து காலை ஆட்டினாள். பக்கத்தில் நான் மல்லாந்து படுத்தேன். காதுக்குள் தண்ணீர் போனது. துளியும் வலிக்கவில்லை. மேலே ஏறி மூன்று தட்டு சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "தெரிஞ்சும் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பையனுக்குக் கோவமே வராதுங்கன்னு எங்கப்பா அன்னைக்கு உங்கப்பாகிட்டச் சொன்னாரே... அதப்பத்தி நீ ஒரு நாளாச்சும் கேட்டயா?"

கேட்கவில்லைதான். அவர் கோபத்தில் மிதக்க, எந்தக் கோச்சும் இல்லாமல், நான் என்றைக்கோ கற்றுக்கொண்டாயிற்று!