பூசணிக்கொடி குடித்த மருந்து

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தூரத்திலிருந்து வந்த மனுஷன் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், கூரை பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் "நல்லாகீது" என்றுதான் சொல்வோம். அந்த மரியாதையில் என் இடது காலே போயிருக்கும்.

குருவிநத்தத்தில் எனக்கும் என் ஓரகத்திக்கும் யானைக்கால். எங்களைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பாகூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வருவார். புது மருந்து ஒன்றை எங்களிடம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு புட்டி கொடுப்பார். கூடவே காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றச் சொல்லிக்கொடுத்தார். பட்டையும் அவரே தந்தார்.

பட்டை சுற்றிய பிறகு என் கால் வற்றியது. ஆளைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலும் விட்டது. மறுபடி கரும்புக் கொல்லை வேலைக்குப் போனேன்.

புட்டி மருந்தோ, மூடியைத் திறந்தாலே குடலைப் புரட்டும். ஓரகத்தி ஒரு வாய் குடித்துவிட்டு அன்று முழுக்க என்னைத் திட்டினாள், ஏதோ நான் காய்ச்சி ஊற்றியது போல. அதற்குப் பிறகு எல்லார் வீட்டிலும் மருந்து பூசணிக்கொடிக்குத்தான் போயிற்று. காலிப் புட்டியைக் கழுவித் துடைத்து, பயபக்தியோடு திருப்பிக் கொடுப்போம்.

"மருந்து எப்படி?" என்பார் டாக்டர்.

"நல்லாகீது தொர" என்போம், ஒரே குரலில். அவரும் சந்தோஷமாக எழுதிக்கொள்வார்.

ஒரு மாதம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மருந்து பிரமாதமாக வேலை செய்கிறதாம். இனி எல்லா ஊருக்கும் புட்டி மட்டும் போதுமாம். பட்டை வேண்டாம், அவரும் வரவேண்டியதில்லை, கம்பவுண்டரே புட்டி கொடுத்துவிடுவார் என்றார். அவ்வளவு துணிக்கு நான் எங்கே போவேன்? பட்டை போனால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் மறுபடி மூலையில் கிடக்கவேண்டியதுதான்.

டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாரையும் ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் கூட்டினேன்.

"உண்மைய சொல்லிடலாம்" என்றேன்.

"அவ்ளோ தூரம் வந்த மனுசன் மூஞ்சிக்கு நேராவா? நல்லாகீதுடி நாயம்" என்றாள் ஓரகத்தி.

"உன் மரியாதைய வூட்டுக்குத் தூக்கிக்கினு போ. என் கால என்னால தூக்க முடியாது."

கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். ஒருத்தர் போய்ச் சொன்னால் குற்றம் சொன்னதாகும், எல்லாரும் சேர்ந்து நின்றால் அது ஊர்ப்பேச்சு என்று முடிவானது. ஆனால் வாயைத் திறக்க ஒருவரும் முன்வரவில்லை. என்னை வாயாடி என்று ஏசிய அத்தனை பேரும் அன்று என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

உள்ளே போய் நின்றோம். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"தொர, அந்த மருந்த நாங்க குடிக்கல. பூசணிக்கொடிதான் குடிச்சுது."

கம்பவுண்டர் என்னை எரித்துவிடுவது போல் முறைத்தார். டாக்டரின் முகம் சிவந்தது. "நல்லா இருக்கு சொன்னீங்க?" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில்.

"உங்க மனசு நோவக் கூடாதுன்னு சொன்னோம். ஆனா நோவு எங்க கால்லகீது தொர. பட்ட சுத்தித்தான் வத்திச்சு. அத நிறுத்திடாதீங்க."

அவர் இத்தனை மாதம் எழுதி வைத்ததைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பூசணி எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா..." என்று ஆரம்பித்த ஓரகத்தி நிறுத்தினாள். "காய் கசக்குது தொர."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று புட்டி நின்றது, பட்டை நிற்கவில்லை.

அடுத்த மாதமும் வந்தார். "பட்டை எப்படி?" என்று கேட்டார். பழக்கதோஷம், மொத்தக் கூட்டமும் "நல்லாகீது தொர" என்றது. அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் எடுத்து எழுதினார்.