ராணி கேட்ட குவியாடி

ஞாயிறு காலை விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செல்வராணியின் மகள் நிவேதா வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க."

ஆம்பூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் ராணி அறிவியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கண்ணாடிப் பாடத்தை அவள் வகுப்பில் நடத்த மாட்டாள். பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துப் போய், ஷூ கம்பெனி வேனின் பக்கக் கண்ணாடி முன்னால் நிறுத்துவாள்.

"வெளிய உப்பியிருக்கு பாருங்கடி, இதுதான் குவியாடி. எல்லாத்தையும் சின்னதா காட்டும். லாரி சின்னதா தெரியுதேன்னு தூரத்துல இருக்குதுன்னு நெனச்சீங்க, பேஜார்தான்."

"இன்னா டீச்சர், தொட்டுத் தொட்டே கண்ணாடிய தேச்சுடுவீங்க போல" என்பார் டிரைவர்.

"உன் வண்டிக்கும் சேத்து பாடம் எடுக்கறேன், சும்மா இருய்யா."

சென்ற ஆண்டு அவளுக்குத் தாடையில் புற்று. ஒரு பக்கத்துத் தாடையை எடுத்துவிட்டார்கள். கோவையில் படிக்கும் நிவேதாவுக்குத் தேர்வு நேரம் என்று, அறுவை சிகிச்சைக்கு வரவேண்டாம் என்றிருந்தாள். வீடு திரும்பியதும் கண்ணாடிகளைத் துணியால் மூடச் சொன்னாள். பேச்சு குழறியது; எனக்குப் புரியும்.

"நாளைக்கு நிவேதா வர்றா, தமிழம்மா. அவ பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துடணும். மொத்தமா வேணாம். லேப்ல குவியாடி இருக்கும், எடுத்துட்டு வாங்க. மொதல்ல சின்னதா பாத்துக்கறேன்."

ஆய்வக அலமாரியில் இரண்டு ஆடிகள் இருந்தன. ஒன்றைக் கை நீட்டி, சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். பின்னாலிருந்த சன்னல் அதில் சின்னதாகத் தெரிந்தது. போதும் என்று பையில் வைத்துக்கொண்டேன். சன்னல் தலைகீழாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. கம்பிகள் எப்படி நின்றாலும் கம்பிகள்தானே. என் முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று மாலை ராணி அதை அருகில் வைத்துப் பார்த்தாள். கன்னத்துத் தையல் ஆடி முழுவதையும் நிறைத்தது. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது குழியாடி" என்றாள்.

மெல்லத் தள்ளிப் பிடித்தாள். ஓரிடத்தில் முகம் கலைந்து வெறும் மங்கலானது. "குவியம். இங்க வச்சா எனக்கு மூஞ்சியே இல்ல." கையை முழுக்க நீட்டியதும் முகம் தலைகீழாக, சின்னதாக வந்தது. "பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க கூட இந்தத் தப்ப பண்ணாது, தமிழம்மா." சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒத்துழைக்கவில்லை.

பிறகு அவளுடைய போனை என்னிடம் நீட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன்: 'இப்போது வராதே. அப்புறம் சொல்கிறேன்.'

அந்த 'அப்புறம்' வரவில்லை. மூன்றாம் வாரம் நுரையீரலில் கிருமி பரவியது. நிவேதா வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. அடக்கம் முடிந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா ஏன் ஆன்ட்டி என்ன வரவேணாம்னாங்க? எம்மேல கோவமா?" அதெல்லாம் இல்லைம்மா என்று சொல்லிவிட்டு, யாருக்கோ தண்ணீர் கொடுப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

ராணியின் நினைவாகப் பள்ளி கொண்டுவரும் இந்த மலரில் மற்றவர்கள் அவளுடைய சுறுசுறுப்பைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் உண்மை. நான் நிவேதாவுக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு உன்மேல் கோபமில்லை. உன் எதிரில் கலங்காமல் உட்கார வேண்டும் என்று, தன் முகத்தைச் சின்னதிலிருந்து பழகிக்கொள்ள நினைத்தாள். நான் அதைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு மாலைதான். அது உனக்குச் சேர வேண்டியது.