செருப்புக்குக் காவல்

வெளியூரில் தொலைந்துபோனால் குழந்தை என்ன செய்ய வேண்டும்? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமா, உதவிக்கு வருகிறவர்களோடு போக வேண்டுமா? எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது. குழந்தை வளர்ப்பு பற்றி இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். இருந்தும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. காரணம், எட்டு வயதில் ரோம் நகரத்து இடிபாடுகளுக்கு நடுவே நான் செருப்புக்குக் காவல் இருந்த ஒரு மத்தியானம்.

சித்தப்பாவுக்கு அப்போது அங்கே வேலை. மைசூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் கோடை விடுமுறைக்கு அவரிடம் போயிருந்தோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். யார் மிட்டாய் கொடுத்தாலும் வாங்காதே. யார் கூப்பிட்டாலும் போகாதே. "அம்மா கூப்பிடறான்னு வந்து சொல்லுவா, நம்பாதே. அம்மா கூப்பிடணும்னா அம்மாவே வருவா." விமானத்தில்கூட ஒரு தடவை ஒப்பிக்கச் சொன்னாள். நான் பிசகில்லாமல் ஒப்பித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தோம். பழைய ரோமானியர்களின் சந்தை, சபை, கோயில் எல்லாம் ஒரே பள்ளத்தில் உடைந்து கிடந்தன. எனக்கு எல்லாமே வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்த கற்களைப் போலத்தான் தெரிந்தன. ஓரிடத்தில் உயரமான மேடைமேல் மூன்று தூண்கள் மட்டும் நின்றன. மூன்றா, நான்கா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மேடைமேல் ஏற முடியாதபடி கயிறு கட்டியிருந்தது. இது கோயில் என்று சித்தப்பா சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"மன்னி, இங்க பூஜை நின்னு ஆயிரத்தைந்நூறு வருஷம் இருக்கும். சாமிக்கே ஞாபகம் இருக்காது" என்றார் சித்தப்பா.

"நம்மூர்ப் பக்கம் சோமநாதபுரம் கோயில்ல மட்டும் பூஜை நடக்கறதா? அங்க செருப்போடயா போறோம்?"

அப்பா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். "எங்க ஆபீஸ்காரா யாரும் இந்தப் பக்கம் வராம இருக்கணும்" என்று முணுமுணுத்தபடி சித்தப்பாவும் கழற்றினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செருப்பு வைக்கக் கடை இல்லாத கோயிலாக இருந்தால் வாசலில் ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று நான் சிணுங்கிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு அந்த வேலை எனக்கு வந்தது.

"ஒரு சுத்து சுத்திண்டு வந்துடறோம். யார் கூப்பிட்டாலும்?" என்றாள் அம்மா.

"போகக் கூடாது."

"சமத்து."

மூன்று பேரும் வெறுங்காலோடு மேடையைச் சுற்றிக்கொண்டு மறைந்தார்கள். நான் என்னுடையதையும் கழற்றி, நான்கு ஜோடிகளையும் வரிசையாக வைத்தேன். அப்பாவின் ஷூவுக்குள் காலுறையைச் சுருட்டித் திணித்தேன். அம்மாவின் பழுப்பு நிறச் செருப்பை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மேடையின் மறுபக்கத்திலிருந்து அவர்கள் வர வேண்டும். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்தார்கள். அவர்கள் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கல்லின் நிழல் என் காலைவிட்டு நகர்ந்துபோனது நினைவிருக்கிறது. தொண்டை வறண்டது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று பல தடவை நினைத்தேன். நான் போகிற நேரத்தில் அவர்கள் வந்துவிட்டால்? யாராவது செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

அப்போது நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கரகரவென்று பேசும் கருவி. என் எதிரே குந்தி உட்கார்ந்து என்னவோ கேட்டாள். எனக்கு வீட்டு மனிதர்களோடு தமிழ், வெளி மனிதர்களோடு கன்னடம். அதனால் அவளிடம் கன்னடத்திலேயே சொன்னேன்: "அம்மா பர்த்தாரே." அம்மா வருவாள் என்று அர்த்தம்.

அவள் முகம் மலர்ந்தது. தூரத்தில் எங்கேயோ கையைக் காட்டி, "மம்மா, மம்மா" என்றாள். என் கையைப் பிடித்தாள்.

அம்மா சொன்ன ஆள் இவள்தான். அம்மா கூப்பிடுகிறாள் என்றுதான் சொல்லுவார்கள் என்று அம்மா சொன்னாளே! செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீறிட்டேன். நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய்க் கையை விட்டாள். கருவியில் என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "மம்மா" என்றாள். நான் மறுபடியும் அலறினேன். கடைசியில் என் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து, தன் தொப்பியைக் கழற்றி என் தலைக்கு மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அம்மா ஓடி வந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து என்று கவனிக்கவில்லை. புடவை நுனியெல்லாம் புழுதி. பின்னால் சித்தப்பா மூச்சிரைக்க வந்தார்.

"ஏண்டி அவளோட வரலே? நாங்கதானேடி அனுப்பிச்சோம்!"

"நீதானே போகக் கூடாதுன்னே."

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். மேடைக்குப் பின்னால் பாதையை அடைத்து ஏதோ தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேறு வழியாகச் சுற்றியவர்கள் வெளியே போகும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். அதே சீட்டோடு மறுபடி உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். சித்தப்பா அரைகுறை இத்தாலிய மொழியில் கெஞ்சியதில், குழந்தையை நாங்களே அழைத்து வருகிறோம் என்று அந்த நீலச் சட்டைப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். நான் வர மறுத்த நேரம் முழுக்க அம்மா அந்த வாசலில் வெயிலில் நின்றிருக்கிறாள். குழந்தை அலறுகிறது, வரமாட்டேன் என்கிறது என்று கருவியில் தகவல் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். பிறகு இரக்கப்பட்டு அம்மாவையும் சித்தப்பாவையும் மட்டும் உள்ளே விட்டார்கள்.

"அந்த ஊர்க் காவலையே ஜெயிச்சுட்டா மன்னி உங்க பொண்ணு" என்று பேருந்தில் சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சரளைக் கல் குத்திக் குத்திப் பாதம் இரண்டும் சிவந்து, குதிகாலில் கொப்புளம் கண்டிருந்தது. நான் அவ்வளவு பத்திரமாகக் காத்த செருப்பை அவளால் போட்டுக்கொள்ளவே முடியவில்லை. அது அப்பாவின் கையில் இருந்தது.

செருப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை, சொன்ன பேச்சை அப்படியே கேட்டேன், ஏன் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே ரொம்ப வருஷம் நினைத்தேன். அதன் பிறகு அவள் என்னை எந்த வாசலிலும் உட்கார வைத்ததில்லை. கூட்டத்தில் என் கையைப் பிடிக்கமாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். கல்லூரி நாட்களில்கூட அப்படித்தான், எனக்கு வெட்கமாக இருக்கும். அவள் கோபம் யார்மேல் என்பது என் மகள் பிறந்த பிறகுதான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

இந்த வெள்ளிக்கிழமை என் மகளைப் பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் அழைத்துப் போகிறார்கள். கோட்டைச் சுவர், கோயில், ஆற்றங்கரை என்று எழுதியிருக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் இன்னும் அவள் பையில் வைக்கவில்லை. நேற்று அவளே கேட்டாள்: "நான் காணாம போனா என்னம்மா பண்ணணும்?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். 'அங்கேயே நில்' என்று சொன்னால் நிற்பாள். 'கூப்பிடுகிறவர்களோடு போ' என்று சொன்னால் போய்விடுவாள். என்னைப் போலவே சொன்ன பேச்சைத் தட்டாத குழந்தை. எனக்குப் பயமே அதுதான்.

உங்கள் குழந்தைகளிடம் நீங்கள் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.