எங்கள் பூத்தில் அவருக்கு விழுந்த ஓட்டு

இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். அவர் எங்கள் தொகுதியில் இரண்டு முறை ஜெயித்து, மூன்றாம் முறை தோற்ற எம்.எல்.ஏ. ஒல்லியான மனிதர். எந்தத் தேர்தலில் எந்த பூத்தில் எத்தனை ஓட்டு வாங்கினார் என்று பார்க்காமலே சொல்வார். என் மனைவியின் ஆபரேஷனுக்கு அலைந்து உதவியவர். அந்த மூன்றாம் முறை ஓட்டுக் கேட்டு வந்தபோது, “பெருமாள் சத்தியமா உங்களுக்குத்தாங்க” என்றேன். தெருவே வேறு கட்சிக்கு மாறியது, நானும் பட்டனை மாற்றி அழுத்தினேன்.

தோற்ற மறுவாரம், ஸ்ரீரங்கம் கோயிலில் இலவச தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.

“உங்க பூத்ல முப்பத்தொண்ணுதாங்க விழுந்துச்சு,” என்று சிரித்தார். “அதுல ரெண்டு உங்க வீட்டோடது. மத்தவங்களத்தான் கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்.”

எங்கள் வீட்டிலிருந்து விழுந்தது ஒன்றுதான், என் மனைவியுடையது. அவரையும் பெருமாளையும் அன்று நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இதை யாருக்காவது சொன்னால், எனக்காக ஒரு காரணமும் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள்.