குரல் பதியாத பதினொரு நிமிடங்கள்

அப்போது நாங்கள் மூன்று பேரும் மாத்தளையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். படம் எடுப்பது எங்களுக்குப் பைத்தியம். எங்களுக்குள் நாங்கள் கூப்பிட்டுக்கொண்டதும் அந்த வேலைகளின் பெயரைச் சொல்லித்தான். கத்தாரில் வேலை செய்த அண்ணன் அனுப்பிய கேமராவை வைத்திருந்தவள் கேமராக்காரி. அதை யாராவது தொட்டால் "கவனமாப் புடிங்க, எங்கட நானாட கேமரா" என்று பதறுவாள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் நடிகை. வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் தமிழ்த்தின நாடகத்தில் அவள் மேடையில் நின்றபோது பின்வரிசைப் பையன்கள்கூடக் கத்துவதை நிறுத்தினார்கள். நான் டைரக்டர். கதை எழுதுவதும் அதிகாரம் பண்ணுவதும் என் வேலை.

கண்டியில் இருந்த ஓர் இளைஞர் மன்றம் ஐந்து நிமிடக் குறும்படப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. ஒரு பெண் பையோடு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்கள் வருகின்றன, போகின்றன. அவள் ஏறவில்லை. இவ்வளவுதான் என் கதை. அவள் யார், ஏன் ஏறவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. சுற்றியிருக்கிற மனிதர்களின் முகம் நிஜமாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். கேமராவைப் பார்த்தால் ஆட்கள் சிரிப்பார்கள், தலையைச் சீவுவார்கள். அதனால் ஒளிந்திருந்து எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இரத்தோட்டையிலும் மாத்தளை டவுனிலும் தெரிந்தவர்கள் அதிகம். எனவே ஒரு சனிக்கிழமை, டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு யட்டவத்தைக்குப் பஸ் ஏறினோம். அன்று சந்தை நாள். தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அதன் மேல்மாடி ஜன்னலில் கேமராவைப் பொருத்தினோம். பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டோம், யாரும் எங்களை எழுந்து போகச் சொல்லக்கூடாது என்பதற்காக.

நடிகையிடம் இரண்டு விஷயங்கள் சொன்னேன். போன் அடித்தால் காட்சி கெட்டுப்போகும், அதனால் போனை என்னிடம் கொடுத்துவிடவேண்டும். இரண்டாவது, நான் ஜன்னலில் குடையை விரித்துக் காட்டும் வரை நிறுத்தக்கூடாது.

"யாராவது வந்து பேசுனா?" என்று கேட்டாள்.

"பேசட்டும். அப்படியே சமாளி. அதுதான் நல்லா வரும்."

அவள் போனைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.

முதல் இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இரண்டு சந்தைப் பைகளோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பையிலிருந்து கீரைக்கட்டு வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பஸ்ஸை விட்டார். இன்னொன்றையும் விட்டார். பிறகு திரும்பி நடிகையிடம் ஏதோ கேட்டார். நடிகை தலையசைத்தாள். மறுபடி கேட்டார். இவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். கேமராவுக்குத் தெருவின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூட எங்களுக்கு எட்டவில்லை.

பேசிக்கொண்டிருந்தவள் அழத் தொடங்கினாள்.

எனக்குப் புல்லரித்தது. அழவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. "கிட்டக் கொண்டு போ, முகத்துக்குக் கிட்டப் போ" என்று கேமராக்காரியின் தோளை நெருக்கினேன். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு காட்சியை யாராலும் எழுதமுடியாது என்று நினைத்தேன்.

"போதும்டி. குடைய விரி" என்றாள் கேமராக்காரி.

"கொஞ்சம் இரு."

"அவ நெசமா அழுற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தானே அவள நடிகைன்னு சொல்றோம். இரு."

அந்த அம்மா எழுந்து நடிகையின் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நடிகை பையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் தலையைத் தூக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். திரையில் அவள் கண்கள் என்னையே பார்த்தன. எனக்கு வந்தது எரிச்சல். கேமராவைப் பார்க்கக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மாத்தளை பஸ் ஒன்று வந்து நடுவே நின்று மறைத்தது. ஆட்கள் இறங்கினார்கள், மூட்டைகளை இறக்கினார்கள். பஸ் நகர்ந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. தரிப்பிடத்தில் நின்றவர்களிடம் சிங்களத்தில் கேட்டேன். ஒருவர் பஸ்ஸில் ஏறினார்கள் என்றார். இன்னொருவர் இல்லை, த்ரீவீல் ஆட்டோவில் போனார்கள் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டால் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. வெற்றிலை விற்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு? அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க?" என்று கேட்டார். படம் எடுக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. தோழிகள் என்றேன். "அப்ப அது தனியா அழும்போது எங்க இருந்தீங்க?" என்றார்.

சந்தைக்குள் ஒரு சுற்று ஓடினோம். கேமராக்காரி மூன்றுகால் தாங்கியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிக் கேட்ட கதைகளெல்லாம் ஒன்றாக என் தலைக்குள் வந்தன. அந்த அம்மாவின் கீரைக்கட்டுகூட வேஷமாகத் தோன்றியது.

என் பைக்குள் போன் அடித்தது. நடிகையின் போன். திரையில் 'அம்மா' என்றிருந்தது. நான் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தால் பயந்துபோவார் என்று எடுத்தேன்.

"எங்கடி இருக்க? கிளாஸ் இன்னும் முடியலையா?"

"ஆன்ட்டி, நாந்தான் பேசுறேன். அவ பாத்ரூம் போயிருக்கா."

"அப்படியா சாமி. வந்ததும் எனக்கு எடுக்கச் சொல்லு. ஏஜென்சியில இருந்து கோல் வந்திச்சுன்னு சொல்லு, அவளுக்கு வெளங்கும்."

"சரி ஆன்ட்டி."

போனை வைத்தேன். பாத்ரூம் என்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"நீ பொய் சொன்னியா?" என்றாள் கேமராக்காரி. "அவட உம்மாக்கிட்டயா?"

"வேற என்ன சொல்றது?"

"நான் பொலிசுக்குப் போறேன். நீ வா, வராட்டி இரு."

"வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும்..."

"புள்ளையக் காணல்ல! வீட்டுக்குத் தெரியட்டும்." அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இரண்டு வருடமாக நான் சொன்னதையெல்லாம் கேட்டவள். நான்தான் அவள் பின்னால் போனேன்.

பொலிஸ் நிலையத்தை நாங்கள் எட்டவில்லை. வழியில் போன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"நீ ஏன் குடைய விரிக்கல?" நடிகையின் குரல். கோபத்தில் நடுங்கியது. "நான் பாத்தேனே, உங்களுக்குத் தெரியலையா?"

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேமராக்காரி போனைப் பிடுங்கி வழி கேட்டாள்.

பிரதான வீதியிலிருந்து பத்து நிமிட நடை. முற்றத்தில் மிளகு காயவைத்த ஒரு சிறிய வீடு. த்ரீவீல் அந்த அம்மாவின் தம்பியுடையதாம், வாசலில் நின்றது. உள்ளே நடிகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தேநீரும் பாதி சாப்பிட்ட சோறும். முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்து வரவில்லை.

அந்த அம்மா சிங்களத்தில் பேசினார். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"படம் எடுக்கிறோம்னு இந்த மகள் சொல்லிச்சு. நான் நம்பல. இப்படி அழுற பிள்ளை எதையாவது சொல்லித் தப்பிக்கப் பாக்கும். அம்மாவோட நம்பர் கேட்டா தரமாட்டேங்குது. கேமராவைக் காட்டு."

கேமராக்காரி காட்டினாள். அந்த அம்மா தன்னைத்தானே சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றார். கீரைக்கட்டு, கை, மடி. ஓரத்தில் ஓடிய நேரத்தைச் சுட்டிக்காட்டி, "இது என்ன?" என்றார்.

"எவ்வளவு நேரம் எடுத்தோம்னு காட்டுது ஆன்ட்டி."

பதினொரு நிமிடம்.

"அவ்வளவு நேரமும் நீங்க மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

கேமராக்காரி திரையை மூடினாள்.

"இந்தப் பிள்ளையோட அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் போறாங்களாமே. அதுக்குத்தான் அழுது. உங்களுக்குத் தெரியுமா?"

அது அவள் சமாளிக்கச் சொன்ன கதையாக இருக்கும் என்று நினைத்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடிகையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜென்சியிலிருந்து கோல் வந்திச்சு, அவளுக்கு வெளங்கும். அந்தக் குரல் காதுக்குள் மறுபடி கேட்டது.

இரண்டு வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவள் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"என் முகத்த யாருக்கும் காட்டாதீங்க" என்றார் அவர். நான் கேமராவை வாங்கி, அந்தக் காட்சியைத் தேடி, அவர் கண்முன்னாலேயே அழித்தேன். பெரிய மனது ஒன்றும் இல்லை. அழிக்கும்போதுகூட, எவ்வளவு நல்ல காட்சி என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அம்மாவே எங்களை மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நடிகை தனியாக முன்சீட்டில் உட்கார்ந்தாள். மாத்தளையில் இறங்கி, என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரத்தோட்டை பஸ்ஸுக்குப் போனாள். திங்கட்கிழமை பாடசாலையில் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க நூறு காரணம் யோசித்துவிட்டுத்தான் போனேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. அவளுடைய அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் அன்றே சொல்லிவிட்டாளாம்.

"படம் எடுக்கப் போனதுக்கு எனக்குக் கோவமில்ல சாமி. வயசுப் புள்ளைக, போவீங்க. பாத்ரூம் போயிருக்கான்னு சொன்னீங்கல்ல? அவளுக்கு என்னமாச்சும் ஆகியிருந்தா நான் அதையே நம்பிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு சட்டையை மடித்து முடித்தார். உள்ளே நடிகை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அந்தப் படத்தக் கொண்டாந்தீங்களா? நான் பாக்கலாமா?"

"அழிச்சிட்டேன் ஆன்ட்டி."

"அழிச்சிட்டீங்களா?" அவர் கை நின்றது. "எங்கிட்ட அவ அழமாட்டேங்குறா சாமி. போங்க, போயிட்டு வாங்க, நான் தம்பியப் பாத்துக்கிறேன்னு மட்டும் சொல்றா. அழுத மொகத்த ஒருக்கா பாக்கலாம்னு நெனச்சேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. நடிகை கதவருகில் வந்து நின்றாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்தாள்.

நான் எழுந்து பஸ்ஸுக்குக் கீழே இறங்கினேன். வழியில் ஏதாவது எடுக்கலாம் என்று நான் கேட்டு, கேமராக்காரி நம்பிக் கொடுத்த கேமரா என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

போட்டிக்கு நாங்கள் எதையும் அனுப்பவில்லை. அவளுடைய அம்மா இரண்டு மாதம் கழித்து குவைத்துக்குப் போனார். அதற்குள் நடிகை மறுபடி எங்கள் மேசைக்கு வந்திருந்தாள். அடுத்த படத்தைப் பற்றி அவளே பேச்செடுத்தபோது, கதை என்ன என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தத் தடவ நான் சொல்றேன்" என்றாள். நாங்கள் கேட்டோம்.