அப்பாவின் பதின்மூன்று பேர்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். அவரைப் போற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைக்க நினைக்கப் பொறாமைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்பா பிறந்தது கொள்ளேகாலம் பக்கம் கோபிநத்தத்தில். பள்ளிக்கூடம் போனதில்லை. இளவயதிலேயே மைசூருக்கு வந்து கட்டட வேலையில் கல் சுமந்தார். பிறகு மைசூரிலேயே ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, அங்கேயே மேஸ்திரி ஆனார். அவருக்குக் கீழே பதின்மூன்று பேர். யாருக்கு எந்த ஷிஃப்ட் ஒத்துவரும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் எத்தனையாவது படிக்கிறேன் என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொள்வார்.

நான் பத்தாவது படித்தபோது, அப்பாவின் ஆட்களில் ஒருவரான ரத்னம்மா அக்கா ஒரு லோடு முழுவதற்கும் லேபிளை மாற்றி ஒட்டி அனுப்பிவிட்டார். மேனேஜர் விசாரித்தபோது அப்பா, "நாந்தான் சார் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். ஒரு வாரம் சஸ்பெண்ட். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஒரு வாரம் அப்பா எனக்கே எனக்கு என்று நினைத்தேன். முதல் நாளே ஷிஃப்ட் முடிந்து பதின்மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஏழு நாளும் வந்தார்கள். அழுதுகொண்டே நின்ற அக்காவை அப்பா, "அழுதா லேபிள் கழண்டு வந்துருமா? போய் டீயப் போடும்மா" என்று எங்கள் அடுப்படிக்கே அனுப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

படித்து முடித்து நானும் ஹெப்பாளிலேயே ஒரு கணினி நிறுவனத்தில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவன் ஆனேன். பிறந்தநாளுக்குக் கேக், மாதம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் என்று எல்லாம் செய்தேன். ஒருமுறை குழுவில் ஒருவர் செய்த பிழையை, அவர் பெயரைப் போட்டே மேலிடத்துக்கு மெயில் எழுதினேன். அவர் வேலையை விட்டார். பின்னாலேயே மூன்று பேர் போனார்கள். அப்பாவிடம் வந்து புலம்பினேன்.

"நீ எழுதுனது நெசந்தானே சாமி?"

"நெசந்தாம்ப்பா."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

பக்கவாதத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களெல்லாம் அவருடைய ஆட்கள் ஷிஃப்ட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு முறைவைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் எழுதிய பட்டியலில் எனக்குச் சனிக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். பெற்ற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள். "நீவு ஆபீஸ் ஹோகி தம்பி, நாங்க இருக்கோமல்லா" என்று மற்ற நாட்களில் ரத்னம்மா அக்கா தன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி என்னை ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்.

என் சனிக்கிழமையில் நான் ஊட்டிய கஞ்சி அப்பாவின் கடைவாயில் வழிந்தது. பார்க்க வந்த ரத்னம்மா அக்கா ஊட்டியதும் அப்பா விழுங்கினார். "இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க" என்று அக்கா ஸ்பூனை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் வெளியே போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், கொள்ளேகாலத்திலிருந்து வந்து கூட நின்ற சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பதின்மூன்று பேருக்கும் நன்றி சொல்லும்போதும் பொறாமை முழுதாகப் போகவில்லை. ரத்னம்மா அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை நானே போய் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகு, அந்தக் கடைசி நாட்களில் அப்பா என்ன கேட்டார், யாரைத் தேடினார் என்று அவர் எனக்குச் சொல்லட்டும்.